கல்லில் எழுதிய பத்திரங்கள்: சேலம், ஏற்காடு, ஆறகளூர்

நவம்பர் 14, வெள்ளி. சேலம்

சேலத்துக்கு வருகிறவர்கள் ஏற்காடு பார்ப்பார்கள். மாம்பழக் காலமென்றால் கூடை கூடையாக மாம்பழம் வாங்கிப் போவார்கள். நான் வந்தது ஆறகளூர்க் கோயில் சுவரைப் பார்க்க. தமிழகத்தில் சமஸ்கிருதம் எழுதப் புழங்கிய கிரந்த எழுத்தைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து, கல்வெட்டில் தமிழுக்கு நடுவே வந்து நிற்கும் வடசொற்கள்மேல் எனக்குத் தனிப் பிடிப்பு வந்துவிட்டது. ஒரு சாரார் அவற்றை மந்திரம் என்று கும்பிட்டு நகர்கிறார்கள். இன்னொரு சாரார் வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுகிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு அவற்றில் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசம்தான் அடிக்கிறது. நிலம் யாருக்கு, தண்ணீர் யாருக்கு, எந்த வரி உண்டு, எது கிடையாது: இதைச் சொல்லத்தான் அந்தச் சொற்கள் கல்லில் ஏறின. அம்மாவும் கூட வந்தாள். அவளுக்கு இளம்பிள்ளையில் சேலை எடுக்க வேண்டும்.

புதிய பேருந்து நிலையத்தில் இறங்கும்போதே மழை. ரூமில் பையை வைத்துவிட்டு, சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிடக் கிளம்பினோம். வண்டிக்கடைக்காரர் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே, "நனைஞ்சிட்டு நிக்காதீங்கம்மா, உள்ள வந்துருங்க" என்று அம்மாவுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். மேலும் கீழும் சிவப்பும் பச்சையுமாகச் சட்னி. ஒரு பிளேட் முப்பது ரூபாய். வடை ஊறிப்போவதற்குள் வாயில் போட்டுவிட வேண்டும். அம்மா மூன்றாவது பிளேட் கேட்டபோது அவர் காரத்தைக் குறைத்துக் கொடுத்தார், சொல்லாமலே.

எதிர்க்கோயில் வாசலில் 'சகல தோஷ பரிகாரம் செய்யப்படும்' என்று ஒரு ஃபிளெக்ஸ். பரிகாரம் என்றால் இன்று நமக்குத் தெரிந்தது இதுதான்: ராகு, கேது, எலுமிச்சம்பழம், நெய்விளக்கு. சுமார் நாலாம் நூற்றாண்டில் பல்லவன் சிவஸ்கந்தவர்மன் பிராகிருதம் என்ற பழைய வட இந்திய மொழியில் கொடுத்த ஹீரஹடகள்ளிச் செப்பேட்டில் அதே சொல் இருக்கிறது. 'பதினெட்டு வகைப் பரிகாரங்களோடு' தானம் கொடுக்கிறேன் என்கிறான். அங்கே பரிகாரம் என்பது விலக்கு. அரசனுடைய ஆட்கள் வந்து செய்யும் தொந்தரவிலிருந்து விலக்கு. தானம் கொடுத்த இடத்தில் பாலும் தயிரும் எடுக்கக்கூடாது, புல்லும் விறகும் கேட்கக்கூடாது, காய்கறியும் பூவும் பறிக்கக்கூடாது, முறை போட்டு வண்டிமாடு பிடிக்கக்கூடாது, உப்பென்றும் சர்க்கரையென்றும் சொல்லித் தொல்லை கொடுக்கக்கூடாது. அந்தப் பட்டியலைப் படிக்கும்போது, விலக்கு கிடைக்காத ஊர்களில் என்னென்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. முகாம் வந்தால் பால் போகும், மாடு போகும், வேலிப்பூ கூடப் போகும். ஒரு கிராமத்தின் அன்றாடத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் எழுத்து வேறு எங்கே இருக்கிறது?

ராத்திரி மழை விடவில்லை. கொண்டுவந்திருந்த ஜெராக்ஸ்களை எடுத்து உட்கார்ந்தேன். சேலத்தின் பெயரிலேயே ஒரு செப்பேடு உண்டு: மேலைக் கங்க அரசன் ஸ்ரீபுருஷனுடையது, சக ஆண்டு 693. சகத்தோடு 78 கூட்டினால் நம் கணக்கு, கி.பி. 771. கங்கர் செப்பேடுகள் வழக்கமாக 'ஜிதம் பகவதா' என்றுதான் தொடங்கும். மேகம் விலகிய வானத்தின் நிறம்கொண்ட பத்மநாபனுக்கு வெற்றி என்று பொருள். அடுத்து குலத்தின் முதல்வன், ஒரே வாள்வீச்சில் பெரிய கல்தூணை வெட்டிப் பிளந்தவன் என்று வருவான். இந்தப் புகழ்ப்பகுதிக்குப் பிரசஸ்தி என்று பெயர். கொடுக்கிறவன் யார், கொடுக்க அவனுக்கு என்ன உரிமை என்பதை முதலில் நிலைநாட்டிவிட்டுத்தான் நிலத்துக்கு வருவார்கள். இன்றைய கிரயப் பத்திரம் இன்னார் மகன் இன்னார் என்று தொடங்குவதும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

நவம்பர் 15, சனி. மலைப்பாதையில்

ஏற்காட்டுப் பாதைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. பாதி மலை ஏறியதும் பஸ் நின்றுவிட்டது. மேலே எங்கோ ராத்திரி மழையில் பாறை சரிந்து ரோட்டில் கிடக்கிறதாம். ஜேசிபி வரவேண்டும். டிரைவர் எஞ்சினை அணைத்தார். ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. பள்ளம் எது, மரம் எது என்று தெரியாத மூட்டம். ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. பின்சீட்டுப் பையன்கள் பாட்டு வைத்தார்கள். கண்டக்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

பக்கத்து சீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி சட்டை, மடியில் மஞ்சள் பை. நாகலூரில் மகளைப் பார்க்கப் போகிறார். பையில் ஜவ்வரிசி வடகம். என் கையிலிருந்த தாளை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னங்கம்மா அது, ஜாதகமா?"

"இல்லீங்கய்யா. பழைய செப்பேடு. நிலம் கொடுத்த பத்திரம்."

"பத்திரமா? படிங்க கேப்போம். ஆத்தூர்ல பத்திரம் எழுதியே பிள்ளைங்களைக் கரை சேத்தவனுங்க நான்."

அது விஜயநகரச் செப்பேடுகளில் திரும்பத் திரும்ப வரும் பகுதி. நான் மெல்ல எழுத்துக் கூட்டினேன்: "நிதி, நிக்ஷேப, ஜல, பாஷாண..."

அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு, "அட்சிணி, ஆகாமி, சித்த, சாத்தியம். அஷ்டபோக தேஜஸ்வாம்யம்" என்று முடித்தார். பிறகு, "சில பேரு தரு, அதாவது மரத்தையும் சேத்து எழுதுவாங்க, நிதி நிட்சேப ஜல தரு பாஷாணம்னு. நானே எத்தனையோ பத்திரத்துல எழுதியிருக்கேனுங்க. இது எந்த வருசத்துது?" என்றார்.

பதினாறாம் நூற்றாண்டு என்றேன். வடகப் பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டார்.

ரோடு திறக்கும்வரை அவர் சொன்னதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். இந்த எட்டுச் சொல்லுக்கு, அதாவது நிலத்தின் மேலுள்ள எட்டு அனுபவ உரிமைகளுக்கு, அகராதி தரும் பொருளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அவர் சொன்ன விதத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கு, ஒரு சண்டை, ஒரு காடு இருந்தது. நிதி என்றால் மண்ணுக்குள் கிடைக்கும் புதையல். நிட்சேபம் என்றால் யாரோ பத்திரமாகப் புதைத்து வைத்துவிட்டுப் போன பொருள். இரண்டும் வேறு வேறு, இரண்டுமே வாங்குகிறவனுக்கு. "ஆனா இப்ப எழுதி என்னங்க? புதையல் கெடைச்சா கலெக்டருக்குத் தகவல் குடுக்கணும். 1878ஆம் வருசத்துச் சட்டம் இருக்குது" என்றார். ஜலம் என்றால் கிணறும் வாய்க்கால் முறையும். அட்சிணி, குறையாமல் வந்துகொண்டிருக்கும் வருமானம். ஆகாமி, இனிமேல் வரப்போவது. சித்தம், ஏற்கெனவே விளைச்சலுக்கு வந்துவிட்டது. சாத்தியம், பாடுபட்டால் விளையக்கூடியது.

"அதென்னங்க, இன்னும் இல்லாததையும் விக்கிறதா?" என்று அம்மா கேட்டாள்.

"அதுதாம்மா முக்கியம். இன்னிக்குக் கல்லுக்காடா இருக்கும். வாங்குனவன் கெணறு வெட்டித் தோட்டமாக்குவான். அப்ப வித்தவன் மகன் வந்து, எங்கப்பன் கல்லுக்காடுதான் வித்தான், தோட்டத்தை விக்கலைன்னு நிப்பான். சாத்தியம்னு ஒரு வார்த்தை இருந்துச்சுன்னா அவன் வாயத் தொறக்க முடியாது."

பாஷாணத்துக்கு வந்தபோதுதான் அவருக்கு உற்சாகம் கூடியது. பாஷாணம் என்றதும் நமக்கு விஷம்தான் ஞாபகம் வரும். பத்திரத்தில் அது கல். சேலத்துக்கு இந்தச் சொல் ரொம்ப வேண்டியது. ஊரை ஒட்டிய சுண்ணாம்புக் கரட்டில் மேக்னசைட் கிடக்கிறது, சேர்வராயன் மலையில் பாக்சைட். "கரட்டுப் பக்கம் காடு வெச்சிருந்தவங்க, பாஷாணத்தை விட்டுட்டு எழுதுனா பத்திரத்தைக் கையில வாங்க மாட்டாங்க. கனிமம் சர்க்காருக்குப் போகுது, உங்களுக்கு வராதுங்கன்னு சொன்னாலும் கேக்க மாட்டாங்க. எழுதுங்க, அந்த வார்த்தை பாட்டுக்கு இருந்துட்டுப் போவுதும்பாங்க."

அடுத்து நான் இன்னொரு வரியைப் படித்தேன். 'புத்ர பௌத்ராதிபிர் போக்யம் க்ரமாத் ஆசந்த்ரதாரகம், தானஸ்ய ஆதமனஸ்யாபி விக்ரயஸ்யாபி சோசிதம்.' மகன், பேரன் என்று வரிசையாக, நிலவும் நட்சத்திரங்களும் உள்ளவரை அனுபவிக்கலாம். தானமாகக் கொடுக்கலாம், அடகு வைக்கலாம், விற்கலாம். இதைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அப்படியே இருக்குதுங்களே!" பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. விஜயநகரம் போய், நாயக்கர் போய், கம்பெனி வந்து, அதுவும் போய் எத்தனை காலம். மேலே கொடி மாறிக்கொண்டே இருந்தது. கீழே, எழுத்தாணி பிடித்தவரிடமிருந்து பேனா பிடித்தவருக்கு இந்த வரி கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. யாரும் இதை இலக்கியம் என்று காப்பாற்றவில்லை. நிலம் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்ற பயம் காப்பாற்றியிருக்கிறது. சமஸ்கிருதத்துக்கும் சாமானியனுக்கும் சம்பந்தமே இருந்ததில்லை என்று சொல்கிறவர்கள் பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துப் படிக்க வேண்டும். அதைத் தேவபாஷை என்று மட்டும் சொல்கிறவர்களும்தான்.

இறங்கும்போது வடகத்தில் பாதியை அம்மா கையில் திணித்தார். காசு எடுத்தவளை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அம்மா பர்ஸை மூடிக்கொண்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு. ஏற்காடு

ராத்திரிக் குளிர் தாங்கவில்லை. லாட்ஜ் கம்பளி ஈர வாடை அடித்தது. ரூம் வாடகை ஆயிரத்தெண்ணூறு, வெந்நீர் காலை ஏழு முதல் எட்டு வரை மட்டும். நாங்கள் எழுந்தபோது எட்டு ஐந்து.

சேர்வராயன் கோயிலுக்கு ஆட்டோவில் போனோம். மலையின் உச்சியில், குனிந்து போகவேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். வெளியே காற்று ஆளைத் தள்ளியது. படிக்க எழுத்து எதுவும் நான் அங்கே தேடவில்லை. மலையாளிப் பழங்குடி மக்களின் சாமி அது. மே மாதத் திருவிழாவைப் பற்றி, வாசலில் பேரிக்காய் விற்ற பெண் ஆசையாகச் சொன்னார். மிளகு கால் கிலோ கேட்டதற்கு, "இது போன வருசத்துது, காரம் கம்மியா இருக்கும். தை மாசம் கழிச்சு வாங்க, புதுசு தாறேன்" என்றார். விற்காமலே அனுப்பிவிட்டார். காப்பிக்கொட்டை மட்டும் வாங்கினோம். மதியம் மூட்டம் விலகி ஏரி தெரிந்தபோது நாங்கள் கீழே இறங்கும் பஸ்ஸில் இருந்தோம்.

நவம்பர் 17, திங்கள். ஆறகளூர்

தலைவாசலில் இறங்கினதும் காய்கறி மார்க்கெட் இரைச்சல். டீக்கடையில் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு. யார் நிற்கலாம், யார் போன தடவை கணக்கே காட்டவில்லை என்று சூடாகப் போய்க்கொண்டிருந்தது. நான் சும்மா இருக்க முடியாமல் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொன்னேன். முதல் பராந்தகன் காலம், கி.பி. 921. வாரியத்துக்குப் பெயர் எழுத வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் போடக்கூடாது, அவன் சொந்தக்காரன் பெயரையும் கூடாது. தகுதியில் 'அர்த்தசௌசமும் ஆத்மசௌசமும் உடையராய்' என்று ஒரு வரி வரும். சௌசம் என்றால் சுத்தம். ஆத்மசௌசம் மனசுத்தம், அர்த்தசௌசம் காசு விஷயத்தில் சுத்தம். அந்தத் தமிழ்க் கல்வெட்டு இந்த இரண்டுக்கும் வடசொல்லை எடுத்துக்கொள்கிறது. தர்ம நூல்களில் வேர் உள்ள சொற்கள், வாதம் செய்து வளைக்க முடியாது. கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மனசைப் பாத்தா சொல்ல முடியும்? காசைப் பாத்தாத் தெரிஞ்சுரும். அதுதான் அதை முதல்ல போட்டுருக்கான்" என்றார். டீ பதினைந்து ரூபாய், வாங்க மறுத்தார்.

ஆறகளூர் வசிஷ்ட நதிக் கரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் மகதை மண்டலத்தின் தலைநகர், வாணகோவரையர்களின் ஊர். இப்போது ஊரைச் சுற்றி மரவள்ளிக் காடும் மக்காச்சோளமும். காமநாதீஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்ததும் மழைக்குப் பிந்திய கல்வாசம். இங்கே எட்டுப் பைரவர்கள் உண்டு, தேய்பிறை அஷ்டமியில் கூட்டம் நிற்க இடமிருக்காதாம். நாங்கள் போனபோது ஆளே இல்லை. குருக்கள் மட்டும் திண்ணையில் பூக் கட்டிக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். சுவர் பார்க்க வந்தோம் என்றதும், "தாராளமா பாருங்கோ. தொட்டுப் பாருங்கோ, சுண்ணாம்பு மட்டும் தேய்க்காதேங்கோ" என்றார். இதுவரை போன எந்தக் கோயிலிலும் இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

கல்வெட்டு படிக்க நேர்வெளிச்சம் ஆகாது. டார்ச்சைச் சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடித்தால்தான் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும். அம்மா பிடித்தாள். வெளிச்சம் வலமிருந்து மெல்ல நகர, வெறும் சொரசொரப்பாக இருந்த கல்லில் முதலில் ஒரு சுழி, பிறகு அதை ஒட்டி ஒரு செங்குத்துக் கோடு, பிறகு மேலே வளைந்து ஏறும் கொம்பு. ஸ்ரீ. அதற்கு முன்னால் 'ஸ்வஸ்தி'. இரண்டும் கிரந்தம். அடுத்த எழுத்திலிருந்து தமிழ். எழுத்து மாறும் இடத்தில் உளி தயங்கவே இல்லை. அதே ஆழம், அதே சாய்வு. இரண்டையும் ஒரே கை வெட்டியிருக்கிறது. அந்தக் கல்தச்சனுக்கு இவை இரண்டு உலகமாக இருந்திருக்காது. ஸ்வஸ்தி என்றால் நலம் உண்டாகட்டும். ஸ்ரீ என்றால் திரு. நல்லபடியாக விளங்கட்டும் என்று வாழ்த்திவிட்டுக் கணக்கைத் தொடங்குகிறான்.

இந்த வாணகோவரையர்கள் பழைய வாணர் குலத்தவர் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள். பழைய வாணர் கல்வெட்டுகளில் ஒரு நீண்ட தொடர் வரும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்: 'ஸகல ஜகத்த்ரயாபிவந்தித ஸுராஸுராதீச பரமேஸ்வர ப்ரதிஹாரீக்ருத மஹாபலி குலோத்பவ.' மூவுலகும் வணங்கும், தேவருக்கும் அசுரருக்கும் தலைவனான பரமேஸ்வரனையே வாயில்காப்போனாக ஆக்கிக்கொண்ட மகாபலியின் குலத்தில் பிறந்தவன். ப்ரதிஹாரன் என்றால் வாயில்காப்போன். சோழன் பாண்டியன் எல்லாம் சூரியன், சந்திரன் என்று வம்சம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் அசுரனைத் தாத்தாவாக எடுத்துக்கொண்டார்கள், அதிலும் சிவனையே வாசலில் நிறுத்தியவனை. இதை நான் சொல்லச் சொல்ல, குருக்கள் பூக் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கர்ப்பகிரகத்தைத் திரும்பிப் பார்த்தார். "பக்தனுக்கு வாசல்ல நிக்கிறது அவருக்கு ஒண்ணும் புதுசில்லையே" என்றார்.

இவ்வளவையும் படிகட்டில் உட்கார்ந்து ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வயல்காரர், கையில் மண்வெட்டி. "கல்லுல சாபம் எழுதியிருக்கும்பாங்களே, அது எங்கங்க?" என்று கேட்டார். எல்லாக் கல்வெட்டிலும் சாபம் இருக்காது. பல தானக் கல்வெட்டுகளில் கடைசியில் வரும். தமிழில் என்றால் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று முடியும். சமஸ்கிருதச் செப்பேடுகளில் வருவதைச் சொல்லிக் காட்டினேன்: 'ஸ்வதத்தாம் பரதத்தாம் வா யோ ஹரேத வஸுந்தராம்.' தான் கொடுத்ததோ பிறர் கொடுத்ததோ, கொடுத்த நிலத்தைப் பறிக்கிறவன் அறுபதாயிரம் வருடம் மலத்தில் புழுவாகப் பிறப்பான்.

"தான் குடுத்ததைக்கூடவா?"

"ஆமாங்க. கொடுத்தவனே திரும்பப் பிடுங்கினாலும் அதே தண்டனை."

"அதுதான் சரிங்க" என்றார் நிதானமாக. "பங்காளி பிடுங்குனா கேஸ் போடலாம். குடுத்தவனே பிடுங்குனா யாருகிட்டப் போறது?"

சாபத்துக்கு முன்னால் வழக்கமாக இன்னொரு சுலோகம் வரும். அதைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'தானபாலனயோர் மத்யே தானாச் ச்ரேயோநுபாலனம்.' கொடுப்பது, கொடுத்ததைக் காப்பது, இந்த இரண்டில் காப்பதே மேல். கொடுத்தால் சொர்க்கம், காத்தால் அழிவில்லாத இடம். எனக்குப் பின்னால் யார் அரசனாக வருவானோ தெரியாது, அவன் என் எதிரியின் மகனாகக்கூட இருக்கலாம், இருந்தாலும் அவனைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன் என்கிற தொனி அதில் இருக்கிறது. வரும் வழியில் வேறொரு ஊர்க் கோயிலில் இறங்கியிருந்தோம். கும்பாபிஷேகத் திருப்பணியில் மணலைப் பீய்ச்சிச் சுவரைப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். வரிவரியாக இருந்திருக்க வேண்டிய எழுத்து, விரல் வைத்தால் வழுக்கும் தழும்பாகக் கிடந்தது. எந்தக் குளத்தில் யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று அதில் இருந்ததோ! தானம் கொடுத்தவர்கள் பெயர்ப்பலகை மட்டும் புதுக் கிரானைட்டில் பளிச்சென்று இருந்தது. எனக்கு அங்கே சாமி கும்பிடத் தோன்றவில்லை.

கிளம்பும்போது மறுபடி மழை. டார்ச் தீர்ந்துபோனது. வயல்காரர் தியாகனூர் புத்தரைப் பார்க்காமல் போகக்கூடாது என்று டிவிஎஸ் ஃபிப்டியில் அம்மாவை ஏற்றிக்கொண்டார். நான் பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பையனின் சைக்கிளில். புத்தர் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் பச்சை. வயல்காரர் வீட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் வந்தது. அதைவிட ருசியாக இந்தப் பயணத்தில் எதுவும் சாப்பிடவில்லை.

நவம்பர் 18, செவ்வாய். இளம்பிள்ளை

அம்மாவின் நாள். தெருவுக்குத் தெரு சேலைக்கடை, வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஒரு கடையில் உரிமையாளரே நெசவாளி. நாற்பதுக்கும் மேல் சேலைகளை விரித்துக் காட்டிவிட்டு, ஒன்றும் பிடிக்கவில்லை என்றபோதும் முகம் சுளிக்கவில்லை. அம்மா தேடிக்கொண்டே இருந்தாள். நான் அவரிடம் நாசிக் குகைக் கல்வெட்டைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன்பு, க்ஷத்ரப அரசன் நகபானனின் மருமகன் உஷவதாதன் பிக்குகளுக்குக் குகை வெட்டிக் கொடுத்தான். அவர்கள் செலவுக்கு 3000 கார்ஷாபணக் காசு வைத்தான். அதை யாரிடம் கொடுத்தான் தெரியுமா என்று கேட்டேன். கோவர்தனம் என்ற ஊரின் நெசவாளர் சங்கங்களிடம். ஒரு சங்கத்துக்கு 2000, மாத வட்டி நூற்றுக்கு ஒன்று. இன்னொரு சங்கத்துக்கு 1000, வட்டி முக்கால். இந்த ஏற்பாட்டுக்கு அட்சயநீவி என்று பெயர். கல்லில் பிராகிருதமாக 'அகயநிவி' என்று இருக்கும். முதல் குறையவே கூடாது, வட்டியை மட்டும் எடுத்துச் செலவழிக்கலாம். முதலைத் திருப்பிக் கேட்கவும் கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறான்.

சேலையை மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு மனக்கணக்குப் போட்டார். "ரெண்டாயிரத்துக்கு மாசம் இருவது. வருசத்துக்கு இருநூத்தி நாப்பது."

சரியாக அதுதான். மழைக்காலத்தில் அந்தக் குகையில் தங்கும் இருபது பிக்குகளுக்கு, ஆளுக்குப் பன்னிரண்டு காசு துணிச்செலவுக்கு என்று கல்வெட்டு சொல்கிறது. இருபதைப் பன்னிரண்டால் பெருக்கினால் இருநூற்று நாற்பது.

அவர் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். தறியில் இருந்த தம்பியும் எழுந்து வந்துவிட்டான். "நெசவாளிகிட்டக் காசைக் குடுத்து வெச்சிருக்கான் பாரு" என்று ரெண்டு தடவை சொன்னார். இன்றைக்கு அவர்கள்தான் நூலுக்கும் பாவுக்கும் கடன் வாங்கி, அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறவர்கள். மாத வட்டி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். நூற்றுக்கு முக்காலும் அல்ல, ஒன்றும் அல்ல, அதற்கும் மேலே.

"சரிங்க, சங்கம் ஏமாத்திட்டா?" என்று தம்பி கேட்டான்.

அதற்கும் கல்லில் பதில் உண்டு. நிகமசபையில், அதாவது ஊர் வணிகர் சபையில், எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்து, வழக்கப்படி பலகையில் பதிந்து வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. அவன் தலையாட்டினான். "ஊரறிய எழுதிட்டாங்க. அப்பச் சரி."

அம்மா கடைசியில் அரக்குக் கரை போட்ட பச்சை ஒன்று எடுத்தாள். ஆயிரத்து நானூறு என்றார், ஆயிரத்து முந்நூறுக்குக் கொடுத்தார். பில் போடும்போது, பலகையில் பதிந்த அந்த வரியை அப்படியே எழுதித் தரச் சொன்னார். கல்லில் இருப்பதுபோல் பிராகிருதத்திலும், கீழே தமிழிலும் பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக் கொடுத்தேன். சங்கத்துக் கூட்டம் வெள்ளிக்கிழமையாம், அங்கே படித்துக் காட்டுவதாகச் சொன்னார்.